ஏரிக்குப் போகும் முன்பே வலை தைத்த பிள்ளைகள்

போன மாதம் நான் வேலை பார்த்த கல்லூரித் துறையிலிருந்து இரண்டு ஆய்வு மாணவர்கள் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு விடை வாங்கும் வேலையெல்லாம் இப்போது கைபேசியிலேயே நடக்கிறதாம். பிள்ளை விரலால் தொட்ட விடை சேலத்துக்குப் போய், மதிப்பெண்ணாகி, நிறம் போட்ட படமாகி, பிள்ளை பெஞ்சை விட்டு எழுவதற்குள் திரும்பி வந்துவிடுகிறது. காகிதம் இல்லை, கட்டு இல்லை, கவர் இல்லை. "நடுவுல மனுஷக் கையே படாதுண்ணா" என்று ஒருவன் பெருமையாகச் சொன்னான். சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நடுவில் பட்ட அந்த மனிதக் கை என்னுடையது. துறைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இது சொல்லப்படுகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒரு கதையில் நான் விடைத்தாள்களை எரித்துவிட்டேன். இன்னொன்றில் எலி தின்றதாகச் சொல்லித் தப்பித்தேன். துறை மலருக்கு நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று அந்த இருவரும் கேட்டார்கள். செய்யாததற்குப் பெயர் வாங்குவதைவிட, செய்ததைச் செய்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் அர்த்தனாரி. சேலத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் முதலில் ஆய்வகப் பணியாளாகவும் பிறகு கள உதவியாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன்னால் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டருக்குக் கையாள். லாரியின் பின்பக்கம் அன்னப்பறவை எழுதுவது என் பங்கு. அன்னத்தின் வாயில் ஒரு ரோஜாப்பூ இருக்கும். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கல்லூரிக்கு வந்த புதிதில் ஆய்வகச் சுவரில் ஒரு நாரை வரையச் சொன்னார்கள். கைப் பழக்கத்தில் அதன் வாயிலும் ரோஜா வைத்துவிட்டேன். அதைப் பார்த்துச் சிரித்த ஆசிரியர்கள்தான், இவனுக்கு நாரை என்ன தின்னும் என்றாவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று என்னைக் களத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஏழெட்டு வருடம் அவர்கள் பின்னால் நடந்தேன். பறவையும் தவளையும் நத்தையும் அப்படித்தான் எனக்கு அறிமுகம். படிப்பு என்று சொல்லிக்கொள்ள என்னிடம் உள்ளது அவ்வளவுதான்.

பிறகு மேடம் துறைத்தலைவராக வந்தார். அவரோடு ஓர் ஆராய்ச்சித் திட்டமும் வந்தது. பள்ளிக் கல்விக்கும் நீர்நிலைப் பாதுகாப்புக்கும் சமூகப் பங்கேற்புக்கும் இடையேயான தொடர்பு. இதை மூச்சு விடாமல் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. ஊருக்குள் யாராவது என்ன சோலியாக வந்தீர்கள் என்று கேட்டால் சுருக்கமாக, ஏரியைப் பற்றிக் கேட்க வந்தோம் என்பேன். பனமரத்துப்பட்டிப் பக்கம் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "ஏரி அங்க இருக்குதுங்க. அதைக் கேக்கறதை உட்டுப்போட்டு எங்களை எதுக்குங்க கேக்கறீங்க?" என்றார். அன்று சாயங்காலமே அதை நோட்டில் எழுதிவைத்தேன். மக்கள் பேசுவதைப் பொறுக்கி எழுதிவைக்கும் கிறுக்கு எனக்கு அப்போதிருந்தே உண்டு. ஏழு நோட்டு சேர்ந்திருக்கிறது.

மேடம் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிட வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. தப்பு நடந்தால் கண்ணாடியைக் கழற்றுவார், முந்தானையால் துடைப்பார், மறுபடி மாட்டிக்கொண்டு "ரொம்ப சந்தோஷம்" என்பார். அந்த இரண்டு சொல்லைக் கேட்டு விடுப்பில் போன பேராசிரியர்கள் உண்டு. வெளியாட்கள் அது பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

களத்தில் அவருக்கென்று சில சட்டங்கள் இருந்தன. பென்சில் கூடாது. எழுதியதை அடித்தால் ஒரே கோடுதான் போட வேண்டும். அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் கையெழுத்து வேண்டும். கேள்வியை அச்சில் உள்ளபடி படிக்க வேண்டும், விளக்கம் சொல்லக்கூடாது. "படிச்சதும் வாயை மூடிக்கணும் அர்த்தனாரி. நீங்க மூடற வரைக்கும் அவங்க உங்க வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்வாங்க" என்பார்.

அந்தச் சட்டம் வந்ததற்கு நானே காரணம். முதல் வருடம் ஏரியோர ஊர்களில் எடுத்த விடைகளில் எல்லாவற்றுக்கும் ஆமாங்க என்று இருந்தது. ஏரியில் பறவை குறைந்துவிட்டதா? ஆமாங்க. கூடிவிட்டதா? அதற்கும் ஆமாங்க. மேடம் என்னையே திருப்பி அனுப்பி விசாரிக்கச் சொன்னார். அங்கே ஒரு வீட்டுப் பெரியவர் எனக்கு மோர் கொடுத்து உட்காரவைத்துச் சொன்னார்: "அத்தனை தூரத்துல இருந்து வெயில்ல வந்து கேக்கறீங்க. இல்லைன்னு எப்படிங்க சொல்லி அனுப்பறது?" நான் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினேன். அந்த வியாதி எனக்கும் உண்டு என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கோமதி என்று ஒரு பெண் மேடத்திடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். வாழப்பாடிப் பக்கம் மரவள்ளி போடுகிற குடும்பம். அதிகம் பேசமாட்டாள். பேசினால் முழு வாக்கியமாகப் பேசுவாள். அவளுடைய ஆய்வேடு இரண்டு காலில் நின்றது. ஒன்று, நாமக்கல் பக்கத்து ஏரி ஒன்றில் மூன்று வருடம் மாதாமாதம் பறவை எண்ணுவது. மற்றொன்று, அந்த ஏரிக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், கரையில் மீன் பிடிக்கிறவர்களோடும் ஆயக்கட்டு விவசாயிகளோடும் பழகவிட்டு, அதனால் பிள்ளைகளுக்கு ஏரியைப் பற்றிய அறிவு கூடுகிறதா என்று பார்ப்பது. போவதற்கு முன்பு பத்துக் கேள்வி. போய் வந்த பிறகு அதே பத்துக் கேள்வி. மதிப்பெண் கூடினால் கல்வி வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டிலும் நான் கூட இருந்தேன்.

பள்ளிக்கூடம் நாமக்கல்லில் ஒரு பெரிய விடுதிப் பள்ளி. பெயர் வேண்டாம். தாளாளர் முன்பு கோழிப்பண்ணை வைத்திருந்தவர். நல்ல மனிதர். எங்களுக்கு ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவை அப்படியே கொடுத்தார். அனுமதிக் கடிதத்தை நான்தான் கொண்டுபோனேன். உயிரியல் ஆசிரியர் குமரேசன் என்னை உட்காரவைத்து இரண்டு வடையும் காபியும் வரவழைத்தார். குடும்பம் விசாரித்தார். என் பெரியம்மா ஊரும் அவர் மாமியார் ஊரும் ஒன்று என்று கண்டுபிடித்தார். நான் எழுந்திருக்கும்போது, "அந்தக் கேள்வித்தாள்ல ஒண்ணே ஒண்ணு குடுங்க சார், சும்மா பார்த்துப்போட்டுத் தாரேன்" என்றார்.

கொடுக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். மேடம் அதை எனக்கு மூன்று முறை சொல்லியிருந்தார். ஆனால் வடையைத் தின்றுவிட்டு, உறவும் சொல்லிக்கொண்டுவிட்டு, முகத்துக்கு நேரே முடியாது என்று எப்படிச் சொல்வது? பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து முதல் தேர்வு. வகுப்புக்குள் போனதுமே வாசலில் நின்றுவிட்டேன். நாற்பது பிள்ளைகளும் மேசையில் கறுப்புப் பேனா ஒன்று, நீலப் பேனா ஒன்று, அடிக்கோல் ஒன்று என்று வரிசையாக வைத்திருந்தார்கள். தாளைக் கையில் வாங்கியதும் யாரும் கேள்வியைப் படிக்கவில்லை. நேராக ஓரக்கோடு போட்டார்கள். கால்மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒரு பெண் எழுந்து கூடுதல் தாள் கேட்டாள். நீர்ப்பறவைகள் ஐந்து என்ற கேள்விக்கு நாற்பது பேரும் அதே ஐந்தை அதே வரிசையில் எழுதியிருந்தார்கள். முக்குளிப்பான், நீர்க்காகம், நாமக்கோழி, சாம்பல் நாரை, நத்தைகுத்தி நாரை. அந்த வகுப்பில் பாதிப் பேர் நாரையை உயிரோடு பார்த்ததில்லை என்று விடுதி வார்டனே சொன்னார்.

வெளியே வந்து குமரேசனைப் பிடித்தேன். அவருக்கு ஒன்றும் உறுத்தலே இல்லை. ஒரு வாரமாகக் காலையில் ஒரு மணி நேரம் தனிவகுப்பு நடந்திருக்கிறது. விடைகளை அச்சடித்துக் கொடுத்து இரண்டு மாதிரித் தேர்வும் வைத்திருக்கிறார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். தெரியாத கேள்விக்கு முன்னாடி உக்காந்து எங்க புள்ளைங்களுக்குப் பழக்கமில்லைங்க. பயந்துக்கும்" என்றார்.

அன்றே மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போது சொல்லலாம் என்றுதான் வந்தேன். துறைக்குள் நுழைந்தபோது அவர் யாரிடமோ தொலைபேசியில் ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று போய்விட்டேன். அந்த நாளை வரவேயில்லை.

அடுத்த இரண்டு மாதத்தில் மூன்று முறை பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போனோம். முதல் நாள் அவர்கள் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கியதும் உயரப்படி வரிசையில் நின்றார்கள். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மாரப்பன் அவர்களைப் பார்த்துவிட்டு என்னிடம் தனியாக, "என்னங்க, கொடியேத்தப் போறாங்களா?" என்று கேட்டார். ஒரு பையன் அவரிடம் முக்குளிப்பானின் அறிவியல் பெயர் கேட்டான். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அது வருமா சாமி? அப்பறம் எதுக்குப் பேரு?" என்றார் அவர். பையன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். இரண்டாவது முறை வரிசை கலைந்தது. மூன்றாவது முறை பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்ற முக்கால் மணி நேரம் ஆனது. நாமக்கோழி நீரில் மிதக்கிறதா, காலூன்றி நிற்கிறதா என்று இரண்டு கோஷ்டிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

இரண்டாவது தேர்வு அதற்கு அடுத்த வாரம். இந்த முறை அடிக்கோல் இல்லை. கேள்வியைப் படித்தார்கள். ஜன்னலைப் பார்த்தார்கள். எழுதினார்கள், அடித்தார்கள், மறுபடி எழுதினார்கள். மணி அடித்தும் பாதிப் பேர் தாளைக் கொடுக்கவில்லை. அடித்ததற்கெல்லாம் ஒரே கோடுதான் போட்டிருந்தார்கள். அதை நான் ஏரிக்கரையில் சும்மா பேச்சுவாக்கில் சொன்னது.

விடைத்தாள் திருத்துவதற்கு மேடம் ஒரு முறை வைத்திருந்தார். திருத்துகிறவருக்கு எது முன், எது பின் என்று தெரிந்தால் கை தானாகப் பின்னதற்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டுவிடுமாம். அதனால் விடைத்தாளில் தேதி கிடையாது. வெறும் எண்தான். ஒரு கட்டுக்கு அ என்று பெயர், மற்றதற்கு ஆ. எது முன், எது பின் என்பதை நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டு வைத்திருக்க வேண்டும். மதிப்பெண் முழுக்கப் போட்டு முடித்த பிறகு எல்லோர் முன்னிலையிலும் கவரைப் பிரிக்க வேண்டும். உலகத்திலேயே அதைவிட நேர்மையான ஏற்பாடு இருக்க முடியாது. அதில் பொய் சொல்லக்கூடிய ஆள் ஒருவன்தான். சீட்டு எழுதுகிறவன்.

இரண்டு முதுகலை மாணவர்கள் திருத்தினார்கள். விடைக்குறிப்பில் உள்ள சொல் இருந்தால் மதிப்பெண், இல்லாவிட்டால் இல்லை. அ கட்டு ஏறக்குறைய முழு மதிப்பெண். ஆ கட்டில் பாதி கூடத் தேறவில்லை. கோமதி மதிப்பெண் பட்டியலைத் தூக்கிக்கொண்டு ஆய்வக அறைக்கு ஓடிவந்தாள். மூன்று வருடத்தில் அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அண்ணா, நான் இவ்வளவு எதிர்பார்க்கவே இல்லை. மூணு தடவை ஏரிக்குப் போனதுக்கே இப்படி ஏறியிருக்கு" என்றாள்.

அ தான் பின் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். படித்த பிறகு மதிப்பெண் பாதியாகக் குறையும் என்று யார் நினைப்பார்கள்?

அவளுடைய உதவித்தொகை பங்குனியோடு முடிகிறது. இன்னொரு பள்ளி பிடித்து மறுபடி ஆரம்பிக்க ஒரு வருடம் வேண்டும். அந்த ஒரு வருடத்தை அவளுக்குக் கொடுக்க ஆள் இல்லை. இந்த அத்தியாயம் விழுந்தால் ஆய்வேடு விழும். இது எனக்கு அவளைப் போலவே தெரியும்.

அவள் போன பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து என் கவரைப் பிரித்தேன். அ முன், ஆ பின் என்று இருந்த சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆ முன், அ பின் என்று புதிதாக ஒன்று எழுதினேன். புதுக் கவர், பசை, குறுக்கே கையெழுத்து. பசை காய்ந்த நேரத்தையும் சேர்த்து இரண்டு நிமிடம். அந்தப் பெண்ணுக்காகத்தான் செய்கிறோம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வடைக்காகச் செய்ததும் அதிலேயே மறைந்துவிடும் என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் மேடத்தின் அறையில் கவரைப் பிரித்தார்கள். சீட்டைப் படித்துவிட்டு மேடம் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. "நல்ல வேலை கோமதி" என்றார். துறைக்கே காபி வந்தது. தாளாளருக்குச் செய்தி போய், அவர் பள்ளி வாசலில் ஒரு பேனர் வைத்தார். எல்லோருக்கும் நல்லது நடந்திருந்தது. இப்படி ஒரே காரியத்தில் இத்தனை பேரைச் சந்தோஷப்படுத்தியது என் வாழ்நாளில் அது ஒன்றுதான்.

பத்து நாள் போயிருக்கும். கோமதி ஆய்வேட்டில் சேர்ப்பதற்காகப் பிள்ளைகளின் சொந்த வாக்கியங்கள் சிலவற்றை எடுத்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் தவளைத் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் ஆ கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து என் பக்கத்தில் நின்றாள். ஏரியைப் பாதுகாப்பதில் பொதுமக்களின் பங்கு யாது என்பது ஏழாவது கேள்வி. அ கட்டில் நாற்பது பேரும் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். இந்தத் தாளில் பூஜ்யம் போட்டிருந்தது. அவள் அதை நிதானமாக வாசித்தாள்.

"மாரப்பன் மாமா வலையில் முக்குளிப்பான் மாட்டினால் வலையை அறுத்து அதை விட்டுவிடுவார். பிறகு அந்த ஓட்டையை அவரே தைப்பார். நாங்களும் தைத்துப் பார்த்தோம். எங்களுக்கு வரவில்லை."

வாசித்துவிட்டுத் தாளை மடித்தாள். "அண்ணா, இந்தப் பிள்ளைங்க ஏரிக்குப் போறதுக்கு முந்தியே மாரப்பன் வலையைத் தைச்சிருக்காங்க" என்றாள்.

திட்டியிருந்தால் ஏதாவது பதில் பேசியிருப்பேன். அவள் அங்கேயே நின்றாள். மேடம் சொல்லிக்கொடுத்தபடி, கேட்டதும் வாயை மூடிக்கொண்டுவிட்டாள். சட்டைப்பையில் பழைய சீட்டு அன்றைக்கும் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். வடையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். யார் என்ன சொன்னாலும் எழுதிவைக்கிற நான், அந்தக் கட்டுகளில் பிள்ளைகள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு தாளைக்கூடப் படித்துப் பார்க்கவில்லை. படித்திருந்தால் சீட்டை மாற்றி மறைக்க முடியாது என்றாவது தெரிந்திருக்கும்.

இரண்டு பேருமாக மேடத்தின் அறைக்குப் போனோம். அவர் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். நான் அந்த இரண்டு சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவேயில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "நடந்ததை உங்க கையால எழுதுங்க. பேனாவால" என்றார்.

மறுநாள் மூன்று பேரும் பள்ளிக்குப் போனோம். தாளாளர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். இரண்டு கட்டு மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஏனுங்க மேடம், தீவனம் போட்டா முட்டை வரணுமுங்க. உங்க தீவனத்தைத் தின்னுபோட்டு என்ற புள்ளைங்க இட்டுக்கிட்டு இருந்ததையும் நிறுத்திப்போட்டாங்க" என்றார். அவர் கையில் ஒரு தீர்வும் இருந்தது. இரண்டாவது கட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம். பத்து நாள் அவகாசம் கொடுத்தால் இன்னொரு தேர்வு வைத்து நூற்றுக்கு நூறு எடுத்துக் காட்டுவார். அப்போது முன்னும் நூறு, பின்னும் நூறு, கோமதி எதைக் கூட்டி எதைக் கழிப்பாள் என்று மேடம் கேட்டார். தாளாளர் கோமதியைப் பார்த்து உண்மையான பரிவோடு சொன்னார்: "ஆராய்ச்சி கிடக்கட்டும் உடு அம்முணி. இங்கயே வந்து சேந்துக்க. விலங்கியலுக்கு ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்கறோம்."

சேலம் திரும்பி வந்து இறங்கும்போது கோமதி, அந்தப் பள்ளியில் என்ன பாடம் எடுப்பாள் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்ததாகவும், முதல் வாரமே தனிவகுப்புக்கு விடை அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியதாகவும் சொன்னாள்.

மிச்சமிருந்த மூன்று மாதத்தில் அவள் அந்த அத்தியாயத்தைத் தலைகீழாகத் திருப்பி எழுதினாள். பிள்ளைகளுக்கு அறிவு கூடியதா என்ற கேள்வியை விட்டுவிட்டாள். எங்கள் கேள்வித்தாள் எதை அளந்தது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டாள். நாற்பது பேர் சேர்ந்து எழுதிய ஒரே விடை ஒரு பக்கம். ஆளுக்கொரு விதமாக எழுதிப் பூஜ்யம் வாங்கிய விடைகள் இன்னொரு பக்கம். மூன்றுதான் பார்த்தேன், நான்காவது பறந்துவிட்டது என்று எழுதியவனுக்கு எங்கள் விடைக்குறிப்பில் இடமே இல்லை. கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியானது, சீட்டு மாற்றப்பட்டது எல்லாம் உள்ளே வந்தது. என் வாக்குமூலம் நான் எழுதியபடியே, அடித்தல் திருத்தலோடு, கடைசிப் பின்னிணைப்பாகச் சேர்ந்தது. பல்கலைக்கழக நூலகத்தில் நான் எழுதியதாக இருப்பது அது ஒன்றுதான்.

இப்படி ஒரு ஆய்வேட்டை எந்தத் தேர்வாளர் ஏற்றுக்கொள்வார் என்று துறையில் பந்தயம் கட்டாத குறை. வாய்மொழித் தேர்வு எல்லோரும் உட்காரலாம் என்பதால் கூடம் நிறைந்திருந்தது. தாளாளரும் பொன்னாடையோடு முன்வரிசையில் இருந்தார். ஜெயித்தால் போர்த்துவார், தோற்றால் வேலைக்குக் கூட்டிப்போவார் என்று நினைத்துக்கொண்டேன். வெளித்தேர்வாளர் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வயதானவர். கோமதி சொல்லிமுடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "பின்னிணைப்பு எழுதினவர் இங்க இருக்காரா?" என்றார்.

பின்னால் எழுந்து நின்றேன்.

"படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. ஒண்ணு மட்டும் அதுல இல்லை. இவங்க கண்டுபிடிக்காம இருந்திருந்தா, நீங்களா வந்து சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருப்பேன் என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. கேட்கிறவருக்குப் பிடித்த பதிலைச் சொல்வது எனக்குப் பிறவிப் பழக்கம். மேடத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டேனுங்க" என்றேன்.

தேர்வாளர் ஆய்வேட்டை முன்னால் புரட்டினார். "மூணாவது அத்தியாயத்துல மூணு வருஷப் பறவைக் கணக்கு இருக்கு. அதை எண்ணினது யாரு?"

"நாந்தானுங்க."

அவர் ஆய்வேட்டை மூடி மேசையில் வைத்தார். பிறகு என்னை விட்டுவிட்டுக் கோமதியைப் பார்த்து, "அப்ப இதை நான் எதை வெச்சு நம்பறதும்மா?" என்று கேட்டார். ஆய்வேட்டின் ஒரு கால் ஏற்கெனவே ஒடிந்து, கட்டுப்போட்டு நின்றது. இன்னொரு காலையும் நானே ஒரு சொல்லில் ஒடித்துவிட்டேன் என்று நினைத்தேன். உட்காரவும் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

கோமதி அவரை நேராகப் பார்த்தாள். "அவர் எண்ணினதை நீங்க நம்ப வேண்டாம் சார். நானும் நம்பலை. அவர் எண்ணி முடிச்சு டீ குடிக்கப் போனதும், ஒவ்வொரு மாசமும் நான் தனியா இன்னொரு தடவை எண்ணியிருக்கேன். அத்தியாயத்துல இருக்கறது என் எண்ணிக்கை. பக்கத்துக்குக் கீழே அடிக்குறிப்பு இருக்கு சார்."

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் தேடி அடிக்குறிப்பைப் படித்தார். அவள் பையிலிருந்து மூன்று குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டுபோய் வைத்தாள். அவர் அங்கங்கே பிரித்து ஒத்துப் பார்த்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பி, இந்த ஆய்வேட்டை ஏற்றுப் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார். கைதட்டல் கேட்டதும் தாளாளர் பொன்னாடையை விரித்துக்கொண்டு ஓடினார். மேடம் என் பக்கம் பார்த்து, அத்தனை மாதம் பாக்கி வைத்திருந்த அந்த இரண்டு சொல்லையும் உதட்டசைவில் சொன்னார்.

எல்லோரும் சமோசாவுக்குப் போன பிறகு கோமதியிடம் போனேன். மகிழ்ச்சி ஒரு பக்கம் இருந்தாலும், மூன்று வருடம் கூடவே நடந்த பிள்ளை ஒருநாள்கூட நம்பவில்லை என்பது உறுத்தியது.

"ஏன் அம்முணி, மொத மாசத்துல இருந்தேவா?"

"மொத மாசம் நான் எண்ணினது பழகறதுக்குண்ணா. ரெண்டாவது மாசத்துல இருந்துதான் நம்பலை."

"அப்படி என்ன பண்ணிப்போட்டேன்?"

"உங்க எண்ணிக்கை எல்லாமே பூஜ்யத்துல முடிஞ்சுது. எண்பது, நூத்தி இருபது, முந்நூறு. பறவைங்க அப்படிப் பேசி வெச்சுக்கிட்டா வந்து உக்காரும்?" என்று சொல்லிவிட்டு என் கையில் ஒரு சமோசாவை வைத்தாள்.

அந்தப் பிள்ளை இப்போது அதே துறையில் பேராசிரியர். நான் ஓய்வு பெறும் வரை அவளோடுதான் ஏரிக்குப் போனேன். அதற்குப் பிறகு நான் கொடுத்த எந்த எண்ணிக்கையும் பூஜ்யத்தில் முடிந்ததில்லை. எண்பத்து மூன்று, நூற்றுப் பதினேழு என்றுதான் எழுதிக் கொடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, என்னை டீ குடிக்க அனுப்பிவைப்பாள்.